ஆல்ட்டோ வரிசையில மூணாவது ஆள்

புது டாக் வந்து மூணு நாளா ஜாபேஸுக்கு இருப்பே கொள்ளல. டாக்குன்னா வேற ஒண்ணுமில்ல, போன்ல எண்ணா கிடக்குத பாட்டை சத்தமா மாத்தி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புத குட்டிப் பெட்டி. பழசு ஒண்ணு ஏற்கனவே இருக்கு. ஆனா "இது வந்தா அத்தை குரல் தனியாக் கேக்கும் பாரு"ன்னு பொண்டாட்டி ஃபெபிகிட்ட அடிச்சுச் சொல்லிட்டான்.

அத்தைன்னா ஃபெபியோட அம்மை. போன வருசம் தவறிட்டாவ. பாளையங்கோட்டைச் சபையில முப்பது பேரு சேந்து பாடுன கிறிஸ்மஸ் பாட்டு ஒண்ணுலதான் அவிய குரல் இருக்கு. கட்டைக் குரல் பொம்பளையாளுவ நிக்குத ஆல்ட்டோ வரிசையில மூணாவது ஆள். எத்தனை தடவை போட்டாலும் மொத்தக் கூட்டந்தான் கேக்கு, அம்மையக் காணல.

ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு வந்த சூட்டோட சோதனை. ஜாபேஸ் கண்ணுல துண்டைக் கட்டிக்கிட்டு சோபாவுல உக்காந்தான். ஃபெபி சத்தமில்லாம பெட்டியை மாத்தி மாத்திப் போட்டா.

"இது புதுசு! யப்பா, என்ன தெளிவு!"

"பழசு அத்தான்."

"சரி, இது பழசு. மந்தமா இருக்கு."

"அதான் உங்க புதுசு."

பத்துல ஆறு தப்பு. துண்டை அவுத்தான், மூஞ்சி தொங்கிப்போச்சு.

"விடுங்க அத்தான். அம்மை அன்னைக்கு வாயை மட்டும் அசைச்சாவளோ என்னவோ"ன்னு ஃபெபி சிரிச்சா. சிரிச்சிக்கிட்டே முந்தானையால கண்ணைத் தொடைச்சா.

அவனுக்குப் பொறுக்கல. போயி ஸ்பீக்கர்ல காதை வச்சான். கன்னத்துல மெத்துனு வெல்வெட் பட்டுது. கல்யாணத்துக்கு அத்தை தைச்ச உறை. உள்ள காடாத்துணி வச்சு, மேல ரோசாப்பூப் போட்டு, டிவிக்கு ஒண்ணு, ஃபிரிட்ஜுக்கு ஒண்ணு, ஸ்பீக்கருக்கு ரெண்டு. தூசி ஏறக்கூடாதுல்லா! வயரை மாத்துனான், பெட்டிய மாத்துனான், நாலு வருசமா இதுல மட்டும் கை வச்சதில்ல.

"ஏட்டி... இதைக் கழட்டட்டா?"

அம்மை தன் கையால மாட்டிவிட்டது அது. ஃபெபியே எந்திரிச்சு வந்து, ரெண்டையும் பைய உருவுனா.

பாட்டு ஓடுச்சு. மூணாவது சரணத்துக்கு முன்னால, எல்லாருக்கும் முந்தி ஒரு ஆளு அவசரமா மூச்சிழுக்காவ. அடுப்படியில பாடுதப்பவும் அத்தைக்கு அதே அவசரந்தான். பொறவு, கூட்டத்துக்கு அடியில, கனமா அந்தக் குரல்.

"அம்மை"ன்னா ஃபெபி. உறையை மடியில வச்சு அமுக்கிப் பிடிச்சிக்கிட்டா.

பாட்டு முடிஞ்சதும் ஜாபேஸ் பைய எட்டிப் பாத்தான். ஓடுனது பழைய பெட்டி.

"புதுசைத் திருப்பி அனுப்பிரட்டா?"

"அதெல்லாம் பொறவு பாக்கலாம். இன்னொருக்க போடுங்க அத்தான், அந்த மூச்சிழுக்குத இடத்துலயிருந்து."