சிவப்புப் புள்ளியும் சதுப்பு ஓரத்து இடமும்

போன அக்டோபரில் சிங்னே சுடாமல் விட்ட மூஸ் மானைப் பற்றி வேட்டைக்குழு இன்னும் பேசி முடிக்கவில்லை. மேகம் மூடிய மாலை. கறுத்த ஊசியிலை மரங்களுக்கு முன்னால் கறுத்த மான். துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப்பின் குறுக்குக்கோடுகளும் கறுப்பு. கோடு எங்கே முடிகிறது, மான் எங்கே தொடங்குகிறது என்று புரியாமல் அவள் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். மான் சாவகாசமாகச் சதுப்பைக் கடந்து போனது.

இந்த ஆண்டு யார் எங்கே காத்து நிற்பது என்று இடம் பிரிக்கும்போது தலைவர் சிக்ஸ்டன் சுற்றி வளைக்கவில்லை. "சதுப்பு ஓரந்தான் இருக்கிறதுலயே நல்ல இடம், சிங்னே. இந்தத் தடவையும் மான் சும்மா போச்சுன்னா, அடுத்த வருஷம் அது தூரேக்கு."

அங்கிருந்த பலகை மேடையை ஆணியடித்துக் கட்டியதே சிங்னேதான்.

தூரே அவளுடைய அக்கா கணவர். மறுநாள் அவரே தன் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் கறுப்புக் குறுக்குக்கோடுகளின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும்.

"விளக்கு வச்சு வேட்டையா அத்தான்? அப்படியே ஒரு மணியும் கட்டி விடுங்க."

"மாட்டிப் பாரேன். தோத்தா இடம் எனக்கு, ஜெயிச்சா பேரு என் ஸ்கோப்புக்கு. ரெண்டுலயும் எனக்கு லாபம்!"

பயிற்சி மைதானத்தில், உச்சிவெயிலில், தண்டவாளத்தில் ஓடும் பலகை மானைச் சுட்டுப் பழகினாள். வெயிலில் புள்ளி தெரியவில்லை என்று வெளிச்சத்தைக் கடைசிவரை கூட்டினாள். குண்டுகள் வரிசையாக நெஞ்சில் பதிந்தன. சரி, பரவாயில்லை என்று தோன்றியது.

வேட்டை நாளன்று சூரியன் மறையச் சற்று முன்பு மானை விரட்டும் வேட்டை நாயின் குரைப்பு சதுப்புப் பக்கம் திரும்பியது. கொம்பில்லாத ஒரு மூஸ் மரவரிசையிலிருந்து வெளியே வந்து நின்றது. தனியாகத்தான் நிற்கிறது. சிங்னே துப்பாக்கியைத் தூக்கிப் புள்ளியை எரியவிட்டாள்.

மானைக் காணோம். லாரியின் பின்விளக்கைக் கண்ணுக்குள் செருகியது போல ஒரே சிவப்பு. உச்சிவெயிலுக்கு வைத்த வெளிச்சத்தை அவள் குறைக்கவே இல்லை! அக்கா கணவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வெளிச்சக் குமிழைத் திருப்பினாள். சிவப்பு சுருங்கிச் சுருங்கிக் கடுகளவானது. அதற்குள் மான் ஓரடி நகர்ந்தது. அதன் வயிற்றுக்குப் பின்னாலிருந்து நீண்ட கால்களோடு ஒரு கன்று எட்டிப் பார்த்தது.

தாயைச் சுட்டுக் கன்றை அநாதையாக்கியவரின் பெயர் அந்தக் காட்டில் ஆயுளுக்கும் அழியாது. இரண்டும் சேர்ந்து வந்தால் சுடுவது கன்றைத்தான் முதலில்; எப்போதும் கன்றுதான். அது தாயை விட்டு விலகும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். கறுப்பின்மேல் புள்ளி தெளிவாக உட்கார்ந்தது. சுட்டாள். கன்று இரண்டு தாவலில் விழுந்தது.

அன்றிரவு நெருப்பைச் சுற்றி எல்லோரும் குச்சியில் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். சிக்ஸ்டன் காப்பியைச் சிந்திச் சிரித்தார்.

"அப்ப அந்த விளக்கு தேவையா, தேவையில்லையா? ஒண்ணு சொல்லும்மா."

"தேவைதான், தலைவரே. ஆனா இருக்கோ இல்லையோன்னு தெரியிற அளவுக்கு எரிஞ்சா போதும். பகல்ல கறுப்புக் கோடே போதும், அணைச்சே வச்சிரலாம். அப்புறம், அது மானைக் காட்டாது, எங்க குறி வைக்கிறோம்னுதான் காட்டும். மானை நாமதான் பாக்கணும்."

"இடம் உன்னோடதுதான் போ" என்றார் சிக்ஸ்டன்.

தூரே கையை நீட்டினார். "சரி கொழுந்தியா, ஸ்கோப்பைக் கழட்டிக் குடு."

சிங்னே துப்பாக்கியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஜெயிச்சா பேருதானே கேட்டீங்க அத்தான்? பேரைத் தாராளமா எடுத்துக்கோங்க. ஸ்கோப்பு சீசன் முடியிற வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்."