படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெட்டி

ராமசாமி மைன்ஸில் ரிட்டயர் ஆனதும், கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. இந்திரா நகரில் ஒரு பழைய மாடி வீட்டை வாங்கி, இடிப்பதை இடித்துச் சரிசெய்யத் தொடங்கினார்கள். மருமகள் சரிதா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பூச்சு வேலைக்கு முன்னால் சுவருக்குள் நெட் ஒயர் போட்டுவிட வேண்டும். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள் அவள். குவார்ட்டர்ஸில் மீட்டிங் பாதியில் அறுந்துபோய், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைந்தது போதும் என்றிருந்தது.

வைஃபை இருக்கும்போது ஒயர் எதற்கு என்றான் கணவன் சுதாகர். மாமனாருக்கோ ஹாலில் டெலிபோன் வேண்டும். செல்போனில் பேசுவது அவர் காதில் சரியாக விழுவதில்லை. இரண்டுக்கும் சேர்த்துச் சரிதாவே வழி யோசித்தாள். வெளியிலிருந்து வரும் ஒயர் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெட்டியில் சேரும். அங்கிருந்து ஹாலுக்கு ஒரு பைப், மாடி அறைக்கு ஒரு பைப்.

எலக்ட்ரீஷியன் சாதிக் அலி முதலில் கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே நெட் ஒயரையும் திணித்துவிட்டார். இரண்டும் ஒன்றாகப் போனால் நெட் தடுமாறும் என்று சரிதா விடவில்லை. சுவரை மறுபடி வெட்ட வைத்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே தனி பைப் போட்டுக் கொடுத்தார்.

பூச்சு வேலை நடந்த அன்று அவளுக்குக் காலையிலிருந்து மீட்டிங். மாமனார்தான் கூட இருந்து பார்த்தார். மாலையில் அவள் போனபோது சுவர் வழவழவென்றிருந்தது. பெட்டியைக் காணோம்.

"மாமா, இங்க ஒரு பெட்டி இருந்துச்சே?"

"அந்த ஓட்டையா? பழைய சுவிட்ச் போர்டு இருந்த எடம்னு நெனச்சேன். கொத்தனார் கேட்டாரு, அடச்சிடச் சொல்லிட்டேன்."

"வூட்டுக்கு வர்ற மொத்த ஒயரும் அதுலதான் மாமா சேருது. உங்க போனும் சேத்துதான்."

அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். சரிதா செல்போனை எடுத்துப் பெட்டியின் போட்டோவைத் தேடினாள்.

பூச்சுக்கு முன்பே எடுத்து வைத்திருந்தாள். ஆனால் மிகக் கிட்டத்தில் எடுத்தது. பெட்டியும் நாலு செங்கல்லும் தெரிந்தன. எந்த இடம் என்பதற்கு அடையாளமே இல்லை. சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். சத்தம் வேறு மாதிரி கேட்ட இடத்தில் உடைத்தாள். செங்கல். ஒரு சாண் தள்ளி உடைத்தாள். அங்கேயும் செங்கல். மாமனார் உளியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஷிப்ட் முடிந்து வந்த சுதாகர், பூசின சுவரை ஏன் உடைக்கிறீர்கள், வைஃபையே போதாதா என்று ஆரம்பித்தான்.

"நீ போய்க் குளிடா," என்றார் ராமசாமி, திரும்பிப் பார்க்காமலே.

பெட்டி ஒருவழியாக அகப்பட்டது. உள்ளே சிமெண்ட் இறுகிக் கிடந்தது. பைப்பின் வாயும் அடைந்திருந்தது. மறுநாள் சாதிக் அலி வந்து, அந்தப் பக்கத்துச் சுவரை மூன்றாவது முறையாக வெட்டினார். இந்தத் தடவை கொத்தனார் பூசி முடிக்கும்வரை சரிதா அங்கேயே நின்றாள். அதற்காக ஆபீசில் லீவும் போட்டாள்.

குடிவந்த வாரமே மாடி அறையில் மீட்டிங் தடங்கலில்லாமல் நடந்தது. படிக்கட்டுக்குக் கீழே மட்டும் சுவர் மேடும் பள்ளமுமாக, பெயிண்ட் அடித்த பிறகும் தனியாகத் தெரிந்தது. ஒரு காலண்டர் மாட்டி மறைத்துவிடலாமா என்று சுதாகர் கேட்டான்.

"அங்க யாரும் ஆணி அடிக்க வேணாம்," என்றாள் சரிதா.