வகுப்புக்கு வராத பிள்ளைகள்

1938 மாசி 8, செவ்வாய். தோட்டவெளியில் ஒரு பிள்ளையை இருமுறை எண்ணிவிட்டேன். நாற்பது அல்ல, முப்பத்தொன்பது. திருத்தினேன்.

நாட்குறிப்பில் இதை எழுதியபோது தன் பிழை அவ்வளவுதான் என்று லோறன்ஸ் நினைத்திருந்தான். பகலில் மலேரியாக் காய்ச்சல் தடுப்புக் கந்தோரில் வேலை, மாலையில் புள்ளிவிபரக் கணக்கு வகுப்பு. தோட்டவெளியிலும், அக்கா றஞ்சிதம் வாழ்க்கைப்பட்ட உயிலங்குளத்திலும் பள்ளிக்கூடம் போய், பிள்ளைகளின் இடது விலாவின் கீழ் விரலால் அழுத்தி, மண்ணீரல் வீங்கிய காய்ச்சற்கட்டி இருக்கிறதா என்று பார்த்தான். கட்டி கூடின ஊருக்கே கொயினா மருந்து முதலில் போகும்.

உயிலங்குளத்தில் நாற்பது பிள்ளைகளில் பதினான்கு பேருக்குக் கட்டி. தோட்டவெளியில் முப்பத்தொன்பதில் ஒன்பது. வகுப்பில் படித்தபடி போட்டுப் பார்த்தான். இவ்வளவு சிறு தொகையில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். அப்படியே எழுதிக் கொடுத்தான். வித்தியாசம் இல்லையென்று கந்தோரில் எடுத்துக்கொண்டார்கள். கொயினா, கந்தோருக்குக் கிட்ட இருந்த தோட்டவெளிக்குப் போனது.

"நாப்பது பேரைத் தொட்டுப்போட்டு ஊரை அளந்தாச்சோ, மாஸ்டர்?" வகுப்பில் பக்கத்து வாங்கிலிருந்த சனூன் சிரித்தான். "ஊருக்கு இருநூறாவது வேணுமடாப்பா."

லோறன்ஸ் கணக்கைத் திரும்பப் போட்டான். ஊருக்கு இருநூற்றிருபது பிள்ளைகள் வேண்டுமென்று வந்தது. அதைக் கந்தோரில் சொல்ல அவனுக்குத் துணிவு வரவில்லை. தன் கணக்கில் தனக்கே நம்பிக்கை இல்லை.

அடுத்த கிழமை அக்காவின் மகள் அன்ரோனெற் காய்ச்சலில் செத்துப்போனாள். அடக்கம் முடிந்து வந்ததும் அக்கா அவனுக்குத் தேத்தண்ணி வைத்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு வந்தனியாமே, தம்பி."

"ஓம் அக்கா."

"இவள் அண்டைக்குப் பாயில கிடந்தவள். காய்ச்சல்காரப் பிள்ளை பள்ளிக்கு வருமோ? நீ படிச்சனி. குடி, ஆறப்போகுது."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான். காய்ச்சல் கூடின ஊரில்தான் கூடுதலான பிள்ளைகள் வீட்டில் கிடந்திருப்பார்கள். நடக்கக்கூடியவர்களை மட்டும் எண்ணி, இருந்த வித்தியாசத்தையும் அவனே குறைத்துவிட்டான். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு நாட்குறிப்பை எடுத்தான்.

மாசி 19, சனி. அக்கா வீட்டில் தங்கினேன். கட்டி உண்டு, இல்லை என்ற இரண்டில் இறந்த பிள்ளையை எந்தப் பக்கம் எழுதுவதென்று புத்தகத்தில் இல்லை. நாளை பூசை முடிந்ததும் உயிலங்குளத்தில் முதல் வீட்டிலிருந்து தொடங்கி, ஒரு வீடும் விடாமல், பாயில் கிடக்கும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும்.