இடது காலின் பழக்கம்

என் கணவர் பதினெட்டு வருடம் ஓட்டிய நூறு சிசி பைக்கில் எல்லா கியரும் கீழே மிதித்தால் விழும். புதிதாக எடுத்த நானூறு சிசியில் முதல் கியர் மட்டும்தான் கீழே. மற்றதையெல்லாம் கால்விரலால் மேலே தூக்க வேண்டும். ஷோரூம்காரர் படித்துப் படித்துச் சொன்னார். "எனக்கே ஓட்டக் கத்துத் தர்றீங்களா?" என்று இவர் சிரித்தார். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் காலை என்னை சலூனில் விடக் கிளம்பினார். பெண்களுக்கு முடி வெட்டுவது என் தொழில். எங்கள் தெரு நீளமானது. பாதி தாண்டுவதற்குள் மூன்றாவது கியரில் வண்டி சீறியது. இன்னும் வேகம் வேண்டுமென்று, பழைய பழக்கத்தில், இடது காலால் கீழே மிதித்தார். ஒன்றல்ல, இரண்டு மிதி. கியர் ஏறுவதற்குப் பதில் ஒன்றுக்கு இறங்கி, பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல நின்றது. பின்னால் இருந்த நான் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டேதான் விழுந்தேன்.

இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு வலது மணிக்கட்டு மூன்று துண்டு. இனிமேல் கத்தரி பிடிக்க முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர், "பார்க்கலாம்மா" என்றார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் விழுந்ததும் ஓடி வந்த மாடி வீட்டுக்காரரிடம் இவர் சொன்னது: "நாய் குறுக்க வந்துடுச்சுங்க."

"எந்த நாய்?"

"அதான்... அந்தச் செவலை."

தெருநாயான செவலைக்குத் தினமும் பிஸ்கட் போடுவது நான்தான். அன்று அது எங்கள் வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த மாடி வீட்டுக்காரர் என்னிடமும் கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது.

"ஆமாண்ணா," என்றேன்.

அதோடு போய்விடும் என்று நினைத்தேன். செவலையைப் பிடித்துப்போகச் சொல்லி தெருவே கையெழுத்துப் போட்டு மாநகராட்சிக்கு மனு கொடுத்துவிட்டது. பத்தாம் நாள் நாய் பிடிக்கும் வண்டி வந்து நின்றது.

"இப்பவாவது சொல்லிடுங்களேன்," என்றேன் மெதுவாக.

"இப்ப சொன்னா காறித் துப்புவாங்க," என்றார் இவர்.

நானாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இவரைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

வலையோடு வந்தவர்கள் அரை மணி நேரம் ஓடியும் செவலை அகப்படவில்லை. "நீங்க கூப்பிட்டா வரும்மா," என்றார் ஒருவர். நான் கூப்பிடவில்லை. வாசலில் நின்ற என் கட்டுப் போட்ட கையை முகர்ந்து பார்க்க அதுவாகவே வந்தது.