நீர் நின்ற சுவர்

முப்புறமும் மலைகள் தோளோடு தோள் சேர்த்து அரண் செய்ய, எஞ்சிய ஒரு புறத்தைக் கடல் தன் நீல மடியில் ஏந்திக்கொள்ள, இடையே கிடந்த பொன்னிறச் சமவெளியில் காலை நீட்டிப் படுத்திருந்தது இத்தாலி நாட்டுப் பலெர்மோ மாநகர். மாசித் திங்களின் ஞாயிற்றுக்கிழமை அது. வாதுமை மரங்கள் இலைகளுக்குக் காத்திராமல் பூத்துவிட, தோட்டங்களில் நாரத்தை இனத்துச் சிறு கனிகள் கிளை முறியக் காய்த்துத் தொங்க, கதிரவன் எழுந்ததும் எழாததுமாக அந்நகரின் கோயில் மணிகள் அனைத்தும் ஒருசேர அலறின. முந்நூற்றுப் பன்னிரண்டு மணிகள் என்று நான் எண்ணினேன். முந்நூற்றுக்குப் பின் சற்றே தடுமாறினேன் என்பதை மறைக்க மாட்டேன். எப்படியும் அவ்வோசையில் உறங்க வல்லவர் அந்நகரில் ஒருவரே இருந்தார். அவர் பெயர் பவளராணி.

கபோ என்னும் பழஞ்சந்தைத் தெருவில், மீன் கூவுவோர் தலைக்கு மேலே மூன்றாம் மாடியில், தம் கணவர் பத்மநாதனோடு வாழ்ந்துவந்த அவ்வம்மையார் வன்னியிலிருந்து வந்தவர். முப்பது ஆண்டுகளாக, செல்வர் வாழும் லிபெர்த்தாப் பகுதியில் வீடு துடைத்து, பளிங்குக் குளியலறைகளைத் தேய்த்து, வாரத்தின் ஆறு நாள்களையும் பிறர் வீட்டுக்கு ஈந்தவர். ஏழாம் நாளை உறக்கத்துக்கு ஈந்தவர். பத்மநாதனோ உணவகம் ஒன்றின் அடுக்களையில் கலம் கழுவி ஓய்ந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. ஓய்ந்த மறுநாளே புறப்பட்ட அவருடைய கால்கள் இன்னும் நிற்கவில்லை. சந்து முனையில் ஒரு தூணைக் கண்டால், வீடு வந்து சேருமுன் அதனை ஆயிரங்கால் மண்டபமாக வளர்த்துவிடுவார். குன்றில் ஒரு குழியைக் கண்டால், அதனுள் யானைகள் அணிவகுத்து நடந்தன என்பார். பவளராணி அவற்றை உருளைக்கிழங்கு சீவியபடியே கேட்டுக்கொள்வார், மறுத்ததுமில்லை, நம்பியதுமில்லை.

இந்த ஞாயிறு மட்டும் அவ்வாறு கழியக் கூடியதன்று. அவர்களின் ஒரே மகள் கேசினி, பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் கணவனோடு வாழ்பவள், மாடியில் ஓர் அறையை வெள்ளையடித்து வைத்துவிட்டுப் பெற்றோரை அழைத்துக்கொண்டிருந்தாள். இவர்கள் குடியிருந்த வீட்டுக்காரரோ, இருப்பீர்களா போவீர்களா என்பதைத் திங்கட்கிழமை சொல்லிவிட வேண்டும் என்றார். மாலை நான்கு மணிக்கு மகள் அழைப்பாள். அப்போது விடை சொல்ல வேண்டும். பத்மநாதனுக்குப் போக மனமில்லை. பவளராணிக்கு இருக்க மனமில்லை.

"இஞ்சருங்கோ," என்றார் பவளராணி, தேநீர்க் குவளையை மேசையில் வைத்தபடி. "முப்பது வருசமா இந்த ஊரிலை நான் கண்டது மூண்டே மூண்டு. கீழை மீன் சந்தை, வேலைக்குப் போற பஸ், வேலைவீட்டுச் சினோறாவின்ரை பாத்றூம். இதுக்காகவோ இஞ்சை கிடக்கோணும் எண்டுறியள்?"

"நீ வெளிக்கிட்டு வந்தால்தானேயப்பா காணுறதுக்கு!"

"சரி, வாறன். இண்டைக்கு ஒரு நாள். நாலு மணிக்குள்ளை இருக்கிறதுக்கு ஒரு காரணம் காட்டுங்கோ. இல்லாட்டி நான் பெட்டி அடுக்குவன்."

மூன்றாண்டுக் காலம் தாம் கண்டவற்றுள் மிகப் பெரியனவாகத் தாம் சொல்லிவைத்த இரண்டைத் தேர்ந்துகொண்டு, மணப்பந்தலுக்குப் புறப்படும் மாப்பிள்ளையைப் போலத் தலைவாரிப் புறப்பட்டார் பத்மநாதன். நடுவண் நிலையத்திலிருந்து கிழக்கே செல்லும் தண்டவாள மின்னூர்தியில் ஏறி, சில நிறுத்தங்கள் கடந்து, பண்டைக் கடற்படைத் தலைவன் ஒருவன் பெயரில் விளங்கும் பழம்பாலத்தின் முன் இறங்கினர். தொள்ளாயிரம் ஆண்டு முதுமையது அப்பாலம். வளைவுக்குப் பின் வளைவாக, நடுவே உயர்ந்தும் இருபுறம் தாழ்ந்தும், முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கும் பூனையைப் போல அழகாகவே நின்றது. அதன் அழகில் எக்குறையும் இல்லை. கீழே ஆறு இல்லை, அவ்வளவே. புல் இருந்தது, புல்லில் ஒரு நாய் படுத்திருந்தது.

பவளராணி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் சென்றும் எட்டிப் பார்த்தார்.

"கப்பல் போற பாலம் எண்டு சொன்னனீங்கள்."

"போனதுதான். அந்தக் காலத்திலை."

"ஆறு எங்கை?"

"அது வெள்ளம் போடுது எண்டு அங்காலை திருப்பி விட்டிட்டாங்கள். இப்ப கொஞ்சம் தள்ளி ஓடுது."

"பாலத்தை விட்டிட்டு ஆத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போட்டாங்களோ!" அம்மையார் நகைத்த நகையில் புல்லில் கிடந்த நாய் எழுந்து வேறிடம் போயிற்று. "கேசினியின்ரை ஊரிலையும் ஒரு பழைய பாலம் இருக்கு. படம் அனுப்பினவள். அதுக்குக் கீழை தண்ணி ஓடுது, தெரியுமோ? வாத்தும் நீந்துது."

பத்மநாதனும் உடன் நகைத்தார். தாம் கப்பலைச் சேர்க்காமல் விட்டிருந்தால் இக்கற்களே போதுமாயிருந்திருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. அடுத்ததற்கோ தாம் சேர்த்துவைத்தது கப்பலன்று, ஒரு கடல்.

ஆம், படிப்பவரே, கடலேதான். நகரின் தென்கிழக்கே, மலையடிவாரத்தில், இனிய கடல் என்னும் பொருள்படும் பெயரோடு ஓர் அரண்மனை உண்டு. பண்டை மன்னர்கள் மலையூற்றைத் தேக்கி மாபெரும் குளமாக்கி, அதன் நடுவே தீவமைத்து, கரையில் மாளிகை எழுப்பி, படகேறி மீன் பிடித்துப் பொழுது போக்கிய இடம் அது. மீன்கள் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி அளவு என்பது பத்மநாதன் கூட்டியது. ஆட்டுக்குட்டி அளவு என்று நான் குறைத்துக்கொள்கிறேன். மின்னூர்திப் பாதையை விட்டு, கூரைத்தகடு விற்கும் கடைகளையும் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் கடந்து, குப்பைத்தொட்டியின் அருகே யாரோ எறிந்த மெத்தையையும் கடந்து, அரைமணி நடந்து அவர்கள் அதனை அடைந்தனர்.

குளம் இருந்த இடத்தில் மரங்கள் இருந்தன. ஊற்று வற்றி, அடியில் மண் படிந்து, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உழவர் கைக்கு வந்த அந்நிலம் முழுவதும் மஞ்சட்கனிகள் விளைந்து கிடந்தன. தீவு என்பது அவற்றிடையே ஒரு சிறு மேடு. மாளிகையோ பாதி இடிந்தும் பாதி கட்டப்பட்டும், எந்தப் பாதி எதுவென்று தெரியாதபடி நின்றது.

இம்முறை பவளராணி நகைக்கவில்லை. அது நல்லதற்கன்று என்பதை நாற்பதாண்டு இல்லறம் பத்மநாதனுக்குக் கற்பித்திருந்தது. சுவரோரக் கல்லில் அமர்ந்து, செருப்பைக் கழற்றி உள்ளே புகுந்த சிறுகல்லை உதறிவிட்டு, அவர் மெல்லச் சொன்னார்:

"சரியப்பா. நீங்களும் பாவம், ஏலுமானதைக் காட்டினியள். வாங்கோ, வீட்டை போவம். நாலு மணிக்கு முதல் பெட்டியை இறக்கி வைப்பம்."

அதற்கு மறுமொழியாக ஒரு மலையையாவது ஒரு மன்னனையாவது எடுத்து வீசியிருக்க வேண்டிய பத்மநாதன், குனிந்து மனைவியின் செருப்பை எடுத்துத் தூசி தட்டி வைத்தார்.

செருப்பை மாட்ட ஒற்றைக்காலில் நின்ற பவளராணி, விழாமலிருக்கச் சுவரில் கையூன்றினார். ஊன்றிய கை ஊன்றியபடி நின்றது. பிறகு மெல்ல மேலேறிற்று, பிறகு கீழிறங்கிற்று. செருப்பு ஒரு காலிலும் மற்றைய கால் மண்ணிலுமாக அவர் முகத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்தார்.

"இதுக்குள்ளை தண்ணி நிண்டிருக்கு," என்றார்.

"அதைத்தானே நானும்..."

"நீங்கள் பேசாமல் இருங்கோ. மழை ஒழுகினால் கறை மேலையிருந்து கீழை கோடு கோடா வரும். நிலத்தாலை ஈரம் ஏறினால் மேடும் பள்ளமுமா நிக்கும். இது பாருங்கோ, நூல் பிடிச்சமாதிரி ஒரே மட்டம். நிண்ட தண்ணிதான் இப்பிடிக் கோடு போடும். அதுவும் ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை, வருசக்கணக்கா நிண்டிருக்கு. கீழை தடவிப் பாருங்கோ, தொட்டிமாதிரி வழுவழுப்பாப் பூசியிருக்கிறாங்கள். மேலை சொரசொரப்பு."

பத்மநாதன் தடவிப் பார்த்தார். எட்டு முறை வந்து, வாயிற்பலகையில் எழுதியிருந்ததைப் படித்து, படித்ததை எட்டு மடங்காக்கிச் சொன்னவர் அவர். ஒரு முறையேனும் சுவரைத் தொட்டவரல்லர். தாம் சொன்ன கடலைத் தாமே நம்பியிருந்ததில்லை என்பது விரல் நுனியில் அவருக்குத் தெரிந்தது.

ஒரு கால் செருப்போடேயே பவளராணி அக்கோட்டைத் தொடர்ந்து நடந்தார். கோடு மூலையில் திரும்பியது, அவரும் திரும்பினார். அது தம் தோளுயரத்தில் நிற்பதை அளந்தார். படகு கட்டும் படியாக இருக்கலாம் என்று ஒரு கல்லை மிதித்துப் பார்த்தார். மாளிகையைக் காக்கும் முதியவர் ஒருவர், உள்ளூரார், இவர் சுவரை முகர்வதைக் கண்டு ஓடிவந்து, அம்மையார் தொல்பொருள் ஆய்வாளரா என்று இத்தாலி மொழியில் பணிவோடு வினவினார். பவளராணி அதே மொழியில், கணவரைவிடப் பன்மடங்கு செம்மையாக, தாம் முப்பது ஆண்டு குளியல்தொட்டி தேய்த்தவர் என்று விடையிறுத்தார். முதியவர் தொப்பியைக் கழற்றினார். நீர் சுவருக்குள் இறங்காதிருக்கவே அந்தப் பூச்சு என்றும், பூச்சின் கோட்டைத் தாமாகக் கண்டுகொண்டவர் மிகச் சிலரே என்றும் சொல்லி, மரத்திலிருந்து ஆறு கனிகளைப் பறித்து அவர் கையில் வைத்தார்.

நான்கு மணிக்கு அழைப்பு வந்தபோது அவர்கள் அந்த மேட்டின்மேல், அதாவது தீவின்மேல், கனி உரித்துக்கொண்டிருந்தனர். பத்மநாதன் கைப்பேசியை நீட்டிவிட்டு வேறுபுறம் பார்த்தார்.

"ஓம் பிள்ளை, சொல்லு... இல்லை, வீட்டிலை இல்லை. தீவிலை நிக்கிறம்... எந்தத் தீவோ? குளத்துக்கு நடுவிலை. உன்ரை ஊர் முழுக்க இதுக்குள்ளை மூழ்கித் தாண்டு போகும்... ஓம், தண்ணி இப்ப இல்லை, ஆனால் எவ்வளவு நிண்டது எண்டு எனக்குத் தெரியும். மீனெல்லாம் மாட்டுக் கண்டுக்குட்டியளவு..."

பத்மநாதன் சட்டெனத் திரும்பினார்.

"...அறையைப் பூட்டி வை, கோடைக்கு வந்து நிக்கிறம். இருக்கிறதுக்கு வரேல்லை. முப்பது வருசம் இந்த ஊரைக் கழுவினனான், இன்னும் பாக்கேல்லை. பாத்து முடிக்க இன்னும் நானூறு இடம் கிடக்கு... ஆர் சொன்னதோ? நான்தான் சொல்லுறன்!"

மறுமுனையில் மகள், அம்மாவும் அப்பா மாதிரிக் கதைக்க வெளிக்கிட்டாச்சு என்று வியந்தது தீவு முழுதும் கேட்டது.

கைப்பேசியை மடியில் போட்டுவிட்டு, "அடுத்த ஞாயிறு எங்கை?" என்றார் பவளராணி.

பத்மநாதன் வாய் திறந்தார். மலைகளும் மண்டபங்களும் நாவின் நுனியில் வந்து முட்டி நின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பியனுப்பிவிட்டு, "தெரியாதப்பா," என்றார். "உந்த மலைக்கு அங்காலை நான் ஒருநாளும் போனதில்லை."

"அப்ப அதுக்கே போவம்," என்று எழுந்தார் அம்மையார்.

வந்தது, தங்கியது, வற்றியது என்னும் மூன்று சொற்களில் நீரின் கதை முடிந்துவிடும். மன்னர்களின் கதையும் அவ்வளவே. ஆயினும் எவ்வளவு ஆழமாகத் தங்கியது என்பதைச் சுவர் சொல்லும், தொட்டுக் கேட்பவர் இருந்தால். வெயில் சாயத் தொடங்க, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக, வற்றிய கடலின் தரையில் நடந்து அவர்கள் இருவரும் கரையேறினர்.