வளைந்த வெள்ளி

1993-ஆம் ஆண்டு ஆடி மாதம், மயிலாப்பூரில் ஸ்ரீரங்கன் வீட்டு வெள்ளிப் பாத்திரங்கள் எல்லாம் ஒரே மாலையில் வளைந்துபோயின. டம்ளர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, தட்டுகள் நடுவில் மடங்கின, குங்குமச் சிமிழின் மூடி பொருந்தாமல் போயிற்று. எவர்சில்வருக்கு ஒன்றும் ஆகவில்லை. தட்டார் சுப்புராயன் வந்து எல்லாவற்றையும் தட்டி நிமிர்த்திவிட்டுப் போனார். விடிவதற்குள் மறுபடி வளைந்திருந்தன. தெருவில் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று பேசப் போய்விட்டார்கள்.

காரணம் ஸ்ரீரங்கனுக்குத் தெரியும். கல்லூரி நாட்களில் ராயப்பேட்டை நஸ்ருன்னிசா, பழைய வெள்ளி ரூபாய் ஒன்றைக் குறடால் வளைத்து அவரிடம் கொடுத்திருந்தாள். "வளைஞ்ச காசு எந்தக் கடையிலயும் செல்லாது. உங்ககிட்ட மட்டும்தான் செல்லும்" என்றாள். வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று போனவர் பேசவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. காமாக்ஷியைக் கல்யாணம் செய்துகொண்டபோது அந்தக் காசை உருக்கக் கொடுத்து அவளுக்குக் குங்குமச் சிமிழாக்கினார். இத்தனை வருஷமும் சிமிழ் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த ஆடியில் ராயப்பேட்டை மார்க்கெட்டில் எதிரே வந்த நஸ்ருன்னிசாவைக் கண்டதும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. பாத்திரங்கள் வளைந்தது அன்று மாலைதான்.

ஒரு வருஷம் மென்று விழுங்கிவிட்டுக் காமாக்ஷியிடம் சொன்னார். அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "செருப்பைப் போட்டுக்கோங்கோ. அவாத்துக்குப் போகணும்."

நஸ்ருன்னிசா தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். காமாக்ஷி சிமிழை நீட்டினாள். "இது உங்க வெள்ளி. எனக்குத் தெரியாமப் போயிடுத்து. ஆத்துல வெள்ளியெல்லாம் வளைஞ்சுண்டே இருக்கு."

"குங்குமச் சிமிழ வச்சுக்கினு நான் இன்னாமா பண்றது?" நஸ்ருன்னிசா திருப்பிக் கொடுத்தாள். "நான் சாபம்லாம் உடல. ரெண்டு வருசம் காத்துக்கினு இருந்தேன். அப்பால வேலை வந்துச்சு." பிறகு வாசலிலேயே நின்றவரைப் பார்த்தாள். "இன்னிக்குக் குடை எடுத்தாரலையா?"

"தப்புப் பண்ணிட்டேன், நஸ்ரு."

"ஆமா" என்றாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வெள்ளி அதன் பிறகும் நிமிரவில்லை. 1998-இல் மகள் வர்ஷினியின் கல்யாணத்துக்கு வாங்கிய புது வெள்ளியும் அந்த வீட்டுக்குள் வந்ததும் வளைந்துகொண்டது. சம்பந்திகளுக்குக் காபி கொடுக்கையில் காமாக்ஷி, "பார்த்துக் குடிங்கோ, இடது பக்கமா சாயும்" என்றாள். அவர்கள் டம்ளரைத் திருப்பிப் பிடித்துக் குடித்துவிட்டு, டிகாஷன் திடமாக இருக்கிறது என்றார்கள்.