வரப்பில் எதிரே வந்தவர்

சீவலப்பேரி வயற்காட்டில் ஞானசிகாமணி வரப்பில் வந்தால், எதிரே வருகிற பெண்கள் சேற்றில் இறங்கி வழிவிட வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்று கேட்காதீர்கள், அவரேதான். அவருடைய தம்பி மனைவி ஜெபராணியும் தலையில் நாற்றுக்கட்டோடு அப்படித்தான் இறங்கினாள். கால் நண்டு வளைக்குள் போய்த் திருகி, கணுக்காலில் இரண்டு பக்கமும் எலும்பு முறிந்தது.

“பாத்து இறங்கப்படாதா?” என்று கேட்டார் ஞானசிகாமணி.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றவளை நாட்டுவைத்தியரிடம் கொண்டுபோனதும் அவர்தான். முட்டையும் உளுந்தும் குழைத்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கட்டை அவிழ்த்தபோது எலும்பு சேர்ந்திருந்தது. பாதம் மட்டும் வெளிப்பக்கம் கோணி நின்றது. வீடே ஸ்தோத்திரம் சொன்னது. ஜெபராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காலை வைத்துக்கொண்டு அடுக்களை வரை போகலாம், நடவுக்குப் போக முடியாது. நடவுதான் அவளுக்கு உயிர். முதல் ஆளாக அவள் இறங்கினால்தான் மற்றவர்களுக்குக் கை ஓடும்.

“உக்காந்து பீடி சுத்து. அதுக்குக் காலு எதுக்கு?” என்றார் ஞானசிகாமணி.

“எதுக்குன்னு காட்டுதேன் அத்தான்.”

பாளையங்கோட்டையில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார். கோணலாகச் சேர்ந்ததை மறுபடி வெட்டி, நேராக்கி, தகடும் ஸ்க்ரூவும் வைக்க வேண்டும். அப்போதும் பழைய கால் திரும்பாது. மூட்டு இறுக்கமாகவே இருக்கும், சாயங்காலமானால் வீங்கும், பின்னால் தேய்மானமும் வரலாம்.

“அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்” என்று கணவன் அருமைநாயகம் செல்போனை எடுத்தான்.

ஜெபராணி அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “அவுகளைக் கேட்டதுக்குத்தான் இந்தக் கோணல். கையெழுத்து எங்க போடணும் டாக்டர்?”

ஆபரேஷன் முடிந்து காலை ஊன்றாமல் கிடந்த வாரங்கள் கொடுமை என்றால், ஊன்றச் சொன்ன பிறகு அதைவிடக் கொடுமை. பாதத்தில் துண்டை மாட்டி, மூட்டு மடங்கும்வரை இழுத்தாள். அழுதாள், வைதாள், மறுபடியும் இழுத்தாள். யாரை வைதாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிசானப் பருவத்து நடவு வந்தது. தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் ஏறினாள். கால் முழுதாக மடங்கவில்லை. சாய்த்துச் சாய்த்துத்தான் வைக்க முடிந்தது. பாதி தூரத்தில் எதிரே ஞானசிகாமணி வந்தார்.

அவர் நின்றார். அவளும் நின்றாள். வயலில் குனிந்திருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்துவிட்டார்கள்.

“என்ன, நிக்கே?”

“போன தடவை நான் இறங்குனேன் அத்தான். இந்தத் தடவை நீங்க இறங்குங்க.”

அவர் தம்பியைத் தேடினார். அருமைநாயகம் தூரத்தில் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் ஞானசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டினார்.

“நண்டு வளை கிடக்கு” என்றாள் ஜெபராணி. “பாத்து இறங்குங்க.”

அவர் சேற்றில் இறங்கி நின்றார். அவள் நொண்டிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனாள். அவசரப்படவில்லை.